ஜன்னலோரக் கீரை: மண்ணில்லாமல், ஃபிளாட்டில், சென்னை வெயிலில்

மண் இல்லாமல், சத்து கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். தோட்டம் போட இடமில்லாத ஃபிளாட் ஜன்னலுக்கு இதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர்களில் ஒருவர் பிரிட்டா ரைலி. 2009-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டாரால் தண்ணீரை மேலே ஏற்றி, ஜன்னலை அடைத்துக் கீரை வளர்த்தார். செய்முறையை எல்லோருக்கும் திறந்து வைத்ததால் பல நாடுகளிலும் அதைச் செய்து பார்த்தார்கள், அவரவர் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் குறிப்புகளை அப்படியே சென்னையில் செய்தால் சரிவராது. அங்கே குளிர்காலத்தில் வெளிச்சம் போதாது, குழாயில் வருவதோ நல்ல தண்ணீர். இங்கே வெளிச்சமும் சூடும் வேண்டிய மட்டும் இருக்கிறது. தண்ணீர்தான் பல வீடுகளில் உப்பு, அதுவும் மதியத்துக்குள் சுட ஆரம்பித்துவிடும். ஆகவே பாட்டில், பம்ப் எல்லாம் பிறகு. ஜன்னல் எந்தத் திசை, வீட்டுக்கு வரும் தண்ணீர் என்ன தண்ணீர் என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த ஜன்னல்?

வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் தெற்கு ஜன்னலைத் தேடச் சொல்லும். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே போகிறது. அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஒரு பொட்டுகூட விழாது. அதே ஜன்னலில் டிசம்பரில் பார்த்தால் வெயில் வீட்டுக்குள் பாதித் தரை வரை வரும். தெற்கு ஜன்னல்தான் இருக்கிறது என்றால் அக்டோபர் முதல் மார்ச் வரை அதை நம்பலாம்.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். காலை வெயில் நான்கு மணி நேரம் விழுந்தால் கீரைக்குப் போதும்; சூடு ஏறுகிற நேரத்தில் சூரியன் கூரைக்கு மேலே போய்விடும். மேற்கு ஜன்னலில் வெளிச்சம் தாராளம், ஆனால் பிற்பகல் வெயில் தண்ணீரைக் காய்ச்சிவிடும். மேற்கைத் தவிர வேறு வழியில்லை என்றால் மார்ச் முதல் ஜூன் வரை 50 சதவீத நிழல் வலையைக் கிரில்லுக்கு வெளிப்புறம் கட்டிக்கொள்ளுங்கள். வடக்கு ஜன்னலில் மே, ஜூனில் சாய்வான வெயில் கொஞ்சம் கிடைக்கும், மற்றபடி மங்கல்தான்.

சோதிப்பது எளிது. காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் திண்டில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, அரை அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் விழுந்தால் நல்ல இடம். கலங்கலான நிழல் என்றால் புதினா, வல்லாரை பிழைக்கும். மற்ற கீரை நெடுநெடுவென்று இளைத்து வளரும். எதிர்க் கட்டடமும் சன்ஷேடும் வெயிலை மறைக்கும், கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் வெளிச்சம் இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சமே இல்லாத ஜன்னலுக்கு 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்றைச் செடிக்கு ஒரு சாண் மேலே கட்டி, தினமும் 14 மணி நேரம் எரியவிடலாம். மாதம் எட்டரை யூனிட் வாக்கில் ஆகும். ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்குதான் வேண்டும் என்பதில்லை. அந்த வெளிச்சத்தில் இலை பழுத்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியாது.

என்ன வளர்ப்பது?

ஹைட்ரோபோனிக்ஸ் என்றாலே லெட்டூஸ் படம்தான் போடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னையிலும் லெட்டூஸ் வரும். அதற்கப்புறம் இலை கசக்கும், தண்டு நீண்டு பூக்கப் பார்க்கும். கொத்தமல்லியும் அப்படித்தான். சித்திரை வெயிலில் லெட்டூஸோடு மல்லுக்கட்டுவதைவிட, சூட்டுக்குப் பழகிய நம்மூர்க் கீரையைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல் முயற்சிக்குப் புதினா, பொன்னாங்கண்ணி, பசலை. மூன்றும் குச்சியிலிருந்தே வரும், விதை வேண்டாம். பசலைக் கொடி ஜன்னல் கிரில்லிலேயே ஏறிக்கொள்ளும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் காங்கோங் என்று சொல்லும் வள்ளைக்கீரை தண்ணீரிலேயே பிறந்தது போல வளரும். சென்னைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தால் விடாதீர்கள். விதையிலிருந்து என்றால் சிறுகீரை, வெந்தயக்கீரை. தக்காளி, மிளகாய் இப்போதைக்கு வேண்டாம். அவற்றுக்கு வெயிலும் சத்தும் அதிகம் வேண்டும், ஜன்னல் தாங்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதனால் காய்கறிச் செலவு குறையும் என்று நினைக்காதீர்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் வளரும் புதினா, ரசத்துக்கும் மோருக்கும் கிள்ளிப் போட வரும். பிரியாணிக்கு அப்போதும் கடையில்தான் கட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர்

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். இந்தத் தோட்டத்துக்கு நீங்கள் வாங்கும் பொருள்களில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். வீட்டில் வரும் தண்ணீரை எல்லாம் அளந்து எழுதி வையுங்கள்: மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், எது உண்டோ அது.

200-க்குக் கீழே காட்டினால் அப்படியே பயன்படுத்தலாம். 200 முதல் 400 வரை சமாளிக்கலாம். 500-ஐத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து இறக்குங்கள். குடிநீருக்கே இந்தியத் தர நிர்ணயம் 500-ஐத்தான் ஏற்கத்தக்க அளவு என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. மனிதர் குடித்துச் சமாளிப்பதைச் செடி வேர் சமாளிக்காது. போர் தண்ணீரில் உள்ள சோடியத்தையும் குளோரைடையும் செடி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அவை மட்டும் டப்பாவிலேயே தங்கிச் செறிவாகும். மீட்டர் 900 காட்டும். அதில் பாதி வெறும் உப்பாக இருந்தால் செடி பட்டினி கிடக்கும்.

ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரும் வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது. ஆனால் உலோகத் தகட்டிலும் தூசி பிடித்த தட்டிலும் வழிந்து வருவது. சாப்பிடும் கீரைக்கு நான் சேர்க்கமாட்டேன், குரோட்டன்ஸுக்கு ஊற்றலாம். எல்லாவற்றிலும் மேல் மழைத் தண்ணீர். ஐப்பசி மழையில் முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் இரண்டு குடம் பிடித்து மூடி வையுங்கள்.

சத்துக் கலவை

செடிக்கு வேண்டிய உப்புகளைக் கணக்காகக் கலந்து தரும் கரைசல்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் உருவாகிவிட்டன. 1930-களில் கலிபோர்னியாவில் ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கொடுத்த கலவை இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. நாம் உப்பை எடை போட்டுக் கலக்கத் தேவையில்லை. ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கும் ஹைட்ரோபோனிக் திரவ உரத்தை வாங்கினால் போதும், சின்ன அளவே மாதக்கணக்கில் வரும்.

ஏன் இரண்டு பாட்டில் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட் இருக்கும், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். செறிவான நிலையில் இரண்டும் சந்தித்தால் கால்சியம் அவற்றோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டையும் சில சொட்டு விட்டுப் பாருங்கள்: தெளிவாக இருந்தது கலங்கிப் பால் நிறமாகும், கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்புபோல அடியில் படியும். படிந்தது மறுபடி கரையாது, வேரால் அதைக் குடிக்கவும் முடியாது. அதனால் வரிசை முக்கியம். டப்பாவில் முழுத் தண்ணீரையும் ஊற்றுங்கள். ஏ-யை அளந்து விட்டு நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் பி. மறுபடி கலக்கி அளவு பாருங்கள். ஒரே மூடியால் இரண்டையும் அளக்காதீர்கள்.

எவ்வளவு விட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்கி மீட்டரைப் பார்த்து ஏற்றுங்கள். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ்ஸுக்கு மேல், நாற்றுக்கு 300, வளர்ந்த கீரைக்கு 500 முதல் 700 வரை கூடியிருந்தால் சரி. தண்ணீர் 150 என்றால் கலந்தபின் 650 முதல் 850. ஈசி, அதாவது தண்ணீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்கள் கீரைக்கு 1.2 முதல் 1.8-க்குள் வைத்துக்கொள்ளலாம்.

நர்சரியில் வாங்கிய யூரியா, டிஏபி மிச்சம் இருக்கிறதே, அதைக் கரைத்தால் ஆகாதா? ஆகாது. யூரியாவை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. டப்பாத் தண்ணீரில் அந்தக் கூட்டம் இல்லை. பஞ்சகவ்யம், மண்புழு உர நீர் எல்லாம் நல்ல சரக்குதான், ஆனால் மாடித்தோட்டத்துக்கு. மூடிய டப்பாவுக்குள் அவை ஊசிப்போய் நாற்றம் எடுக்கும், வேரும் கூடவே அழுகும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் ஏழரைக்கு மேலே நிற்கும். அந்த நிலையில் இரும்புச் சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி போதும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும், டியூபும் காற்று மோட்டாரும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இறக்குவதற்கு பிஎச் டவுன் என்று பாஸ்பாரிக் அமிலக் கரைசல் விற்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அன்றைக்கு இறக்கும், ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும். அவசரத்துக்குத்தான் அவை.

முதல் கேன்: பம்பே வேண்டாம்

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி எளிமையான முறை ஒன்றை எழுதி வைத்தார். மூடிய பாத்திரம், அதில் சத்துத் தண்ணீர், மேலே செடி. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். அந்த இடைவெளியில் காற்று நிற்கும். மேல் வேர் காற்றை எடுத்துக்கொள்ளும், கீழ் வேர் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும், நாம் நான்கு நாள் ஊருக்குப் போனாலும் இதற்குக் கவலை இல்லை. புதியவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் அல்லது எண்ணெய் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1, 2, 5 என்று ஏதாவது எண் போட்டிருந்தால் நல்லது. எண்ணெய் கேன் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். கொதிக்கும் வெந்நீர் ஊற்றினால் கேன் சுருங்கிவிடும். பெயிண்ட், பூச்சிமருந்து இருந்த டப்பா எதுவும் வேண்டாம்.

வாய் அளவைப் பார்த்து நெட் பாட் வாங்குங்கள் (செடியை நிறுத்தும், சுற்றிலும் துளை உள்ள சின்னப் பிளாஸ்டிக் கூடை), இரண்டு அங்குலத்தது பெரும்பாலும் சரியாக இருக்கும். விளிம்பு கேன் வாயில் உட்கார வேண்டும், உள்ளே நழுவக் கூடாது. நெட் பாட் கிடைக்காவிட்டால் தயிர் கப்பில் ஆணியைச் சுடவைத்து அடியிலும் பக்கத்திலும் பத்துப் பதினைந்து துளை போட்டாலும் அதே வேலை செய்யும்.

கேனுக்குள் வெளிச்சம் போகக் கூடாது. போனால் பாசி பிடிக்கும், செடிக்குப் போட்ட சத்தைப் பாசி தின்னும். கறுப்புப் பெயிண்ட் ஒரு கை, காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை ஒரு கை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்க, வெள்ளை சூட்டைத் தடுக்க. வெறும் கறுப்போடு விட்டால் மே மாதத்தில் வேர் வெந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் மேலிருந்து கீழாக விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி வைத்து, பிறகு உரித்துவிடுங்கள். தண்ணீர் மட்டம் பார்க்க அந்தக் கீற்று போதும். மற்ற நேரம் ஒரு துண்டு அட்டையால் மூடி வைக்கலாம்.

கேனை வெயில் விழும் கிரானைட் திண்டில் நேராக வைக்காதீர்கள். கல் சூடு கீழிருந்து ஏறும். ஒரு தெர்மோகோல் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். முடிந்தால் கேன் நிழலிலும் செடி மட்டும் வெயிலிலும் இருக்கும்படி திண்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைப்பது இன்னும் நல்லது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு. வேரழுகல் பூஞ்சணம் அந்த நேரம் பார்த்துத்தான் நுழையும். தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

குச்சி, விதை

கடையில் புதினாக் கட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அடியில் வெள்ளை வேரோடு ஒன்றிரண்டு தண்டு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் பென்சில் முள்ளைவிடக் கொஞ்சம் தடிமனான, வளைத்தால் ஒடியாமல் வளையும் தண்டாக எடுங்கள். முற்றிக் கட்டையானது வேர் விட நாளாகும், நுனிக் கொழுந்து அழுகிவிடும். கணுவுக்குக் கால் அங்குலம் கீழே கத்தரியுங்கள். கீழ் இரண்டு கணுவில் உள்ள இலைகளை எடுத்துவிட்டு, மேலே நான்கைந்து இலை மட்டும் விட்டு, டம்ளர் தண்ணீரில் நிற்க வையுங்கள். வெறும் தண்ணீர்தான், உரம் வேண்டாம். வெயில் படாத இடம். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் கணுவிலிருந்து வெள்ளை நூல்போல வேர் எட்டிப் பார்க்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் நீண்டதும் கேனுக்கு மாற்றலாம். பொன்னாங்கண்ணிக்கும் பசலைக்கும் இதே முறைதான்.

விதைக்கு ஸ்பாஞ்சை ஓர் அங்குலக் கனத்தில் வெட்டி, மேலே கீறல் போட்டு, நனைத்து, சிறுகீரை விதை ஐந்தாறு தூவுங்கள். ஈரம் காயாமல் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கழுத்து நீண்டு சாய்ந்துவிடும். தென்னைநார்க் கழிவில் விதைக்கப் பிரியப்பட்டால் வடிகிற தண்ணீரின் டீ நிறம் போகும்வரை அலசுங்கள், அதில் உப்பு இருக்கும்.

நெட் பாட்டுக்குள் செடியை நிறுத்திச் சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டை போட்டு நிரப்புங்கள். உருண்டை இல்லையென்றால் கழுவிய செங்கல் ஜல்லி. கேனில் தண்ணீர், நெட் பாட்டின் அடிப்பாகத்தைச் சுண்டுவிரல் அகலத்துக்குத் தொட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் தண்டு ஊறி அழுகும்.

இனிமேல்தான் பலர் கெடுத்துக்கொள்வது. தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், மேலே வரை நிரப்பிவிடத் தோன்றும். இரண்டு வாரம் கழித்து நெட் பாட்டைத் தூக்கி வேரைக் கவனியுங்கள். மேலே காற்றில் தொங்கும் வேர் கிளைகிளையாக, பஞ்சுபோல மெல்லிய மயிரோடு இருக்கும். தண்ணீருக்குள் இருப்பது வழவழப்பாக நீளமாக இருக்கும். காற்றுக்குப் பழகிய வேரை மறுபடி முழுக்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கேனின் கால் பாகம்தான் மிச்சம் என்றால் பாதி வரை மட்டும் நிரப்புங்கள், அதுவும் பாதிச் செறிவில் கலந்த சத்துத் தண்ணீராக.

கொசு

இந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, வீட்டுக்குள் தேங்கி நிற்கும் இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாக நம்மூர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து ஃபிரிட்ஜ் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். கேன் வாய்க்கும் நெட் பாட் விளிம்புக்கும் இடையே துளி இடைவெளி இருந்தாலும் பஞ்சு அல்லது டேப் வைத்து அடையுங்கள். வேறு துளை ஏதும் இருந்தால் நைலான் கொசுவலை ஒட்டுங்கள். செடி இல்லாமல் காலியாக இருக்கும் கேனைத் தண்ணீரோடு விட்டு வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை கீற்று வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதாவது நெளிந்தால் தண்ணீரைக் கொட்டிக் கழுவி மாற்றுவதுதான் வழி.

அடுத்த கட்டம்: பாட்டில் அடுக்கு

இரண்டு கேனில் ஒரு அறுவடை எடுத்துவிட்டால், பிரிட்டா ரைலி பாணி பாட்டில் அடுக்குக்குப் போகலாம். ஒரே அளவு, ஒரே பிராண்டு இரண்டு லிட்டர் பாட்டில் நான்கு வேண்டும். காயலான் கடையில் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்து, பக்கவாட்டில் செடி வெளியே வர உள்ளங்கை அளவு ஜன்னல் வெட்டுங்கள். இப்போது மேலே இருக்கும் அடிப்பாகத்தில், அடுத்த பாட்டிலின் கழுத்து நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டுங்கள். கழுத்துக்குள் சிறு பிளாஸ்டிக் வலைத் துண்டு வைத்த பிறகுதான் களிமண் உருண்டை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் உருண்டையும் வேரும் கழுத்தை அடைத்துவிடும். ஒன்றின் கழுத்து கீழே உள்ளதன் வட்டத்துக்குள் போகும்படி அடுக்கி, கம்பியால் கிரில்லில் கட்டுங்கள். வெளிப்புறத்தை வெள்ளைத் துணியோ தாளோ சுற்றி மறையுங்கள்.

கீழே மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட். அதற்குள் சிறிய மூழ்கு பம்ப், ஏர்கூலருக்குப் போடுவது போதும். அட்டையில் எழுதியிருக்கும் உயரத்தில் பம்ப் ஒரு சொட்டும் தள்ளாது, அது எட்டக்கூடிய உச்சம் மட்டும்தான். நான்கடி ஏற்ற வேண்டுமென்றால் ஆறடி தாங்கும் பம்ப் வாங்குங்கள். மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீர் மேல் பாட்டிலுக்குப் போய், ஒவ்வொன்றாக வடிந்து பக்கெட்டுக்கே திரும்பும். காற்று மோட்டாரால் ஏற்றும் பழைய முறையும் உண்டு. ஆனால் படுக்கையறை ஜன்னல் என்றால் ராத்திரி முழுக்க அது கொர்ரென்று இரையும்.

டைமர் போட்டுப் பகலில் மணிக்குக் கால் மணி நேரம், இரவில் இரண்டு மூன்று தடவை ஓடினால் சரி. கரண்ட் போனால் இந்த அடுக்கு சில மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். வெயில் நேரத்தில் போனால் ஒரு சொம்பு மொண்டு மேலே ஊற்றுங்கள்.

பிளக் பாயிண்ட் பக்கெட்டைவிட உயரத்தில் இருக்கட்டும். வயர் பாயிண்டுக்குப் போகும் முன் ஓரிடத்தில் தாழ்ந்து தொங்க வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பாயிண்டுக்குள் போகாது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் பம்ப் வைக்காதீர்கள், கேனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈரமான உருண்டையோடு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். எல்லாவற்றையும் கிரில்லுக்கு உள்பக்கமே கட்டுங்கள். வெளியே தொங்கவிட்டால் ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு எப்போது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் உரத் தண்ணீர் சொட்டினால் அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் பெயர்தான் முதலில் வரும்.

இலை சொல்லும் கோளாறு

புதுக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து கிட்டவில்லை. உரம் கூட்டாதீர்கள், பிஎச்சைப் பாருங்கள். பெரும்பாலும் ஏழைத் தாண்டியிருக்கும். அடி இலை ஒரேயடியாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு, அப்போது கலவையைக் கொஞ்சம் ஏற்றலாம். இலை விளிம்பு தீய்ந்து சுருண்டால் உப்பு அதிகமாகியிருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கேனில் தண்ணீர் இருந்தும் மதியம் செடி துவண்டு, சாயங்காலமும் நிமிராவிட்டால் வேரை முகர்ந்து பாருங்கள். பழுப்பாகி, வழுவழுத்து, நாற்றமடித்தால் வேரழுகல். அந்தச் செடியைக் காப்பாற்றப் போராடாமல், நல்ல நுனியாக இரண்டு கிள்ளிப் புதிதாக வேர்விட வையுங்கள், கேனைக் கழுவிக் காயவிடுங்கள்.

மாவுப்பூச்சி, அசுவினி ஜன்னலுக்கும் வரும். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் பஞ்சை நனைத்துத் துடைத்தாலே போய்விடும். கூடிவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில் இலைக்கு அடியில் படும்படி தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். தெளித்த கீரையைச் சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிய பிறகே சமையலுக்கு எடுங்கள்.

பறிப்பது

சிறுகீரையை விதைத்து நான்கு வாரம் வாக்கில் எடுக்கலாம். புதினாவைக் கீழே இரண்டு கணு விட்டு அதற்கு மேல் கத்தரித்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளை வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பசலையில் கொழுந்தைக் கிள்ளக் கிள்ளக் கொடி பக்கவாட்டில் பரவும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேனில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள், கேன் பாதிக்கு மேல் போகாமல். பழையதைச் சிங்கில் ஊற்ற வேண்டாம். அதில் இன்னும் சத்து இருக்கிறது. இரண்டு மடங்கு தண்ணீர் சேர்த்து அடுக்ககத்து வாசலில் நிற்கும் வேம்புக்கோ, வாட்ச்மேன் வைத்திருக்கும் செம்பருத்திக்கோ ஊற்றிவிடலாம்.